இறக்கத்தில் கியரை நம்பு, கண்ணு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்பதுதான் உனக்குத் தெரியுமே. ஆபரேஷனுக்கு நானே வந்து கோவைக்கு அழைத்துப் போகிறேன், நானே ஓட்டுகிறேன் என்று நீ சொன்னதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். எனக்கும்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் காரைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவன் அலைச்சலுக்கு அது தேவைப்படுகிறது. வீட்டில் இருப்பது நம் பழைய பெட்ரோல் வண்டிதான். நீ ஓட்டப் பழகியதும் அதில்தான் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைப்பாய். நானும் சில வருடமாக மின்சாரக் காரையே ஓட்டிவிட்டு, போன வாரம் இதை வெளியே எடுத்தேன். பேட்டரியும் ஆயிலும் மாற்றி, குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் வரை இறங்கி ஏறிப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய்.

மின்சாரக் கார் காலுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக வேகம் குறைந்துகொள்ளும். சென்னையில் சிக்னலுக்குச் சிக்னல் நீ அப்படித்தான் ஓட்டுகிறாய். அங்கே ஏற்றம் இறக்கம் என்றால் மேம்பாலம்தான். குன்னூர் இறக்கத்தில் இந்த வண்டியை நான்காவது கியரில் விட்டுக் காலை எடுத்தால் வேகம் குறையாது, கூடிக்கொண்டே போகும்.

கணக்காகச் சொன்னால் உனக்குப் புரியும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அடிவாரத்து மேட்டுப்பாளையம் 320 சொச்சம். ஆட்களையும் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள். அவ்வளவு எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். நம் வீட்டுக்கு ஒரு நாள் ஓடும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் பெரும்பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். கீழே போய்ச் சேரும்போது சார்ஜ் ஏறியிருப்பது அதனால்தான். (தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன்: மேலே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதே, திரும்பி வருகிற கரண்டுக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, அப்போது அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும்.)

பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சக்தியைச் சேர்த்து வைக்க இடமில்லை. காற்றும் டயரும் தின்றது போக மீதி முழுவதும் சூடாகத்தான் போயாக வேண்டும். ஒன்று, பிரேக் அதைத் தாங்க வேண்டும். அல்லது இன்ஜின் தாங்க வேண்டும். வழி நெடுக பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் காய்ந்து பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை அமுங்கும், வண்டி நிற்காது. சீசன் நாளில் பர்லியார் டீக்கடை ஓரம் போய் நின்றால் அந்தக் கருகல் வாடையை நீயே பிடிக்கலாம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி ஆற வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே இன்ஜினிடம் வேலை வாங்கு. ஏற எந்தக் கியர் தேவையோ, இறங்கவும் அதே கியர் என்று இங்குள்ள டிரைவர்கள் சொல்வது முழுக்க உண்மை. கொண்டை ஊசி வளைவுக்கு வரும் முன்பே இரண்டாவதுக்குப் போட்டுவிடு, வளைவுக்குள் போய்க் கியரைத் தேடாதே. இன்ஜின் சத்தம் உயரும். மின்சாரக் காரின் அமைதிக்குப் பழகிய காதுக்கு வண்டி ஏதோ கஷ்டப்படுகிற மாதிரித் தோன்றும். ஒன்றும் ஆகாது கண்ணு, அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கிற சத்தம். அதற்கு மேலும் வேகம் கூடினால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, குறைந்ததும் விட்டுவிடு. லேசாக மிதித்தபடியே வருவதுதான் கெடுதல்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இந்த வண்டியில் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்கே (ஐடிலிங்) பெட்ரோல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏறும்போது வேறு கதை. மேலே வர வர காற்று மெலிகிறது; குன்னூர் உயரத்தில் கீழே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நம் வண்டியில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் கிடையாது, இழுவை அந்த அளவுக்குக் குறையும். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அதனால் நீ மிதித்த நொடியே பாய்ந்து போய்ப் பழகியிருப்பாய். அந்தத் தைரியத்தில் இங்கே பஸ்ஸை முந்தப் போகாதே. டிராஃபிக்கில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஹேண்ட் பிரேக் போடு. வருடக்கணக்காகச் சும்மா இருந்த இடது காலுக்கு மறுபடி வேலை வரும், முதலில் இரண்டொரு முறை வண்டி ஆஃப் ஆகலாம். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிக்கட்டும், நீ நிதானமாக எடு. இறங்கி வரும்போது குறுகலான இடத்தில் எதிரே ஏறி வருகிற வண்டிக்கு முதலில் வழி விடு.

உன் ஓட்டத்தில் எனக்குக் குறையே இல்லை. என்னைவிடப் பொறுமைசாலி நீ. ஆனால் பக்கத்து சீட்டில் உன் அம்மா உட்கார்ந்திருப்பாள், ஆபரேஷன் பயத்தில் இருக்கிறவளுக்கு வழிப்பயமும் சேர வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறியதும் ஒரு போன் போடு. காலையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு இந்த வண்டியிலேயே வந்துவிடுகிறேன். அங்கிருந்து நீ ஓட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன். சாயங்காலம் நாம் இருவரும் மட்டும் காட்டேரி வரை ஒரு தடவை இறங்கிவிட்டு வரலாம், அதற்கப்புறம் அம்மாவை ஏற்றிக்கொள்.

அன்புடன்,
அப்பா