சின்னவனுக்கு முதலில் கண், பிறகு புத்தகம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாடி வேலை முடிந்துவிட்டது, அதை அம்மா விவரமாகச் சொல்வாள். பள்ளி திறக்க இன்னும் ஐந்து வாரம் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் வீட்டுச் சேதியெல்லாம் இப்போது அவர் வழியாகத்தான் வருகிறது. உனக்கு வேலை நெருக்கடி, புரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன், ஆற அமரப் படி.

போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் நீ அந்தப் பக்கம் திரும்பி, "பார்த்து எழுதக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்கப்புறம் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து ஒரே யோசனை. பை, செருப்பு, அட்டை எல்லாம் இருக்கட்டும், முதலில் சின்னவனைக் கண் மருத்துவரிடம் காட்டு. இந்த வாரமே நாள் கேட்டு வாங்கு.

பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள். சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கிற தசை குறையை இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடும். மருந்து விட்டு அதைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் தெரியும். அதன் பிறகு வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும், சில மருந்துக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். கண்ணாடி எழுதிக்கொடுத்தால் அது செய்து வரவும், மூக்கில் வழுக்காமல் நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தவும் நாள் பிடிக்கும்.

அதற்குள் வீட்டில் ஒன்று செய்து பார். 3 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடி, நாள்காட்டியில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல். அவன் கையால் மூடினால் விரல் சந்தில் எட்டிப் பார்ப்பான். துணியை மடித்து நீயே மறை, கண்ணை அழுத்தாதே. ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமல் இருந்து, இன்னொன்றை மறைத்ததும் சிணுங்கினாலோ துணியைத் தட்டிவிட்டாலோ, திறந்திருக்கிற கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாம் சரியாகப் படித்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். சில பிள்ளைகள் சுவரில் இருப்பதைத் தடுமாறாமல் படிப்பார்கள். புத்தகத்தை எடுத்தால்தான் வரி தாண்டும், பத்து நிமிடத்தில் தலைவலி என்று எழுந்துவிடுவார்கள்.

தூக்கத்தை மூன்று வாரம் முன்பே சரிசெய்ய ஆரம்பி. அவன் வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. விடுமுறையில் 11 மணிக்குப் படுக்கிறவனை ஒரே நாளில் 9 மணிக்குப் படுக்க வைத்தால் புரண்டுகொண்டுதான் கிடப்பான். முதலில் எழுப்புகிற நேரத்தை முன்னே கொண்டுவா. இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி போதும். எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்கட்டும், இரவு தூக்கம் தன்னால் முன்னே வரும்.

பை அவன் முதுகை விட அகலமாக இருக்கக் கூடாது, அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. கனத்த புத்தகம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளி அறையில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், அவன் முன்னால் குனிவான். எடை உடம்பில் பத்தில் ஒரு பங்கு: 24 கிலோ பிள்ளைக்கு 2.4 கிலோ, வெறும் பையின் எடையும் அதில் சேர்த்தி. செருப்பு சாயங்காலம் வாங்கு, கால் சற்று வீங்கியிருக்கும். நிற்க வைத்து இரண்டு காலையும் பார், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வளருவான் என்று இரண்டு அளவு கூட்டி வாங்காதே, குதிகால் உரசிக் கொப்புளம் போடும்.

கண்ணை மறந்துவிடாதே அம்மாடி. ஒரு கண்ணில் தெளிவு குறைந்தால் மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றதை வைத்தே காலத்தை ஓட்டும், பிள்ளைக்கே தெரியாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி வைத்தும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாய்க்கு இருந்தால் பிள்ளையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்குப் பெயரே சோம்பேறிக் கண்.

அந்தப் பெயரைத்தான் நான் உனக்கு வைத்தேன். பலகையில் இருந்ததைத் தப்பும் தவறுமாக எழுதி வந்தாய் என்று நீல நோட்டைக் கிழித்தேன், கையும் நீட்டினேன். பெரியத்தை சொல்லியும் இரண்டு வருடம் காட்டாமல் இருந்தேன். கண்ணாடி போட்டதும் வலது கண் தெளிந்தது, இடது கண்ணுக்கு நாள் கடந்துவிட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீ படித்து இவ்வளவு தூரம் வந்ததை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வேன். இந்தப் பாதியை ஒருவரிடமும் சொன்னதில்லை. தப்பு என் மேல்தான் கண்ணு, உன் மேல் ஒன்றுமில்லை.

சின்னவனின் போன வருட நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. பலகையைப் பார்த்து எழுதியது, புத்தகத்தைப் பார்த்து எழுதியது, காதால் கேட்டு எழுதியது என்று தனித்தனியாகப் பிரித்து, எதில் தப்பு அதிகம் என்று பார். கேட்டு எழுதியதிலும் தப்பு இருந்தால் காதையும் சோதிக்கச் சொல். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுகளைக் கையோடு கொண்டுபோ. என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்
அப்பா