உரிமம் தாருங்கள், இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதியாவது தாருங்கள்

தமிழக அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஆயுத உரிமம் வழங்கும் பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரம், ஆறுகாணி, பத்துகாணிப் பக்கம் ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் யாராவது எழுந்து சொல்கிறார்கள், யாராவது குறித்துக்கொள்கிறார்கள். நான் கேட்க வந்தது துப்பாக்கி உரிமத்தைப் பற்றி.

போன வாரம், விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போன ஒருவர், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து விளை (தோட்டம்) வழியாக நடந்திருக்கிறார். முன்னால் ஓடிய அவர் நாய் ஒரே ஒரு சத்தம் போட்டுச் சுருண்டு விழுந்தது. பன்றிக்காகத் தரையை ஒட்டி இழுத்துக் கட்டிய கம்பி. அதில் கம்பத்திலிருந்து நேராக எடுத்த மின்சாரம். அன்றைக்கு நாய் பின்னால் வந்திருந்தால் அவர் வீட்டில் சாவு விழுந்திருக்கும். கம்பி கட்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும். அவர் செய்தது குற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரும் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டவர்தான். பதில் வரவில்லை. கம்பி கட்ட யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு எஸ்.பி.எம்.எல். இருந்தது. ஒற்றைக்குழல், வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. ஒரு வெடி வெடித்த பிறகு மருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து அடுத்த வெடிக்குத் தயாராவதற்குள் பன்றி கேரளா போய்ச் சேர்ந்திருக்கும். எங்களுக்கு அது போதும். பன்றியைச் சுட்டால் வனஉயிரினச் சட்டப்படி வழக்கு என்பது தெரியாதவர்கள் அல்ல நாங்கள். அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், கூட்டம் கலைந்து ஓடும், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டாது. இப்போது தகரத்தைத் தட்டுகிறார். பன்றிகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மரச்சீனி மூடுகள் வரிசையாக வேரோடு மல்லாந்து கிடக்கின்றன, கிழங்கில் பாதி தின்று பாதி துப்பியிருக்கிறது. தின்றதைவிடத் துப்பியதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அதோடு விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. சரி, தேர்தல் நேரம், கொடுக்கத்தான் வேண்டும். முடிவு வந்து ஒரு வாரம் கழிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். முடிவு ஜூன் 4-ல் வந்தது. துப்பாக்கி வரவில்லை. காரணம் கேட்டால், இடையில் உரிமத்தின் காலம் முடிந்துவிட்டதாம். ஒரு தேர்தலுக்குக் கொடுத்தது இனி வருகிற தேர்தலையெல்லாம் அங்கிருந்தே பார்க்கும் போலிருக்கிறது.

அண்மையில் போய்ப் பார்த்தேன். மூலையில் லத்திகளோடு சேர்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டையில் சணல் கயிற்றில் ஒரு அட்டை தொங்கியது. மை கலைந்து அப்பாவின் பெயரில் பாதிதான் வாசிக்கக் கிடைத்தது. குழல் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன், துரு பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த குழல் அது. அங்கிருந்த ஏட்டையா நல்ல மனிதர். “உங்க பேப்பர் வந்தா எடுத்துட்டுப் போங்க தம்பி, எனக்கும் இடம் கிடைக்கும்” என்றார்.

அந்தப் பேப்பர்தான் வரமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. அப்படி வயதானவர் தன் வாரிசின் பெயரைக் கொடுத்தால் உரிமத்தை அவருக்கு வழங்கலாம் என்று 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. என் பெயரில் விண்ணப்பித்தோம். கேட்ட சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். காவல்துறை அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அறிக்கை வந்த 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும், இதுவும் அதே விதிகளில் இருக்கிறது. அலுவலகத்தில் சொல்கிற பதில் வேறு: “மேலே போயிருக்கு.” எந்த மேலே என்று கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். ஒருவர், இவ்வளவு சின்ன விளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்வதை அவரிடம் யார் சொல்வது?

மறுத்தால்கூட எங்களுக்கு வழி உண்டு. காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு செய்ய மறுப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். தரவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம் என்றால் நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது? ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில்.

துப்பாக்கி என்று வாயைத் திறந்தாலே “அமெரிக்கா மாதிரி ஆக்கப் பார்க்கிறீர்களா” என்று கேட்கிறார்கள், அதுவும் படித்தவர்கள். அங்கே 1791-ல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தால் ஆயுதம் வைத்துக்கொள்வது உரிமை. இங்கே அப்படி இல்லை, இருக்கவும் வேண்டாம். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று ஒரு வரி இருந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் அது இடம்பெறவில்லை. கர்நாடகத்தின் குடகில் கொடவர் இனத்தவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்ற விலக்கு இன்றும் இருக்கிறது. அந்தச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை. நல்லது. எங்களுக்கு ஒன்று போதும், அதுவும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவந்து காட்டுகிற ஒன்று.

2020 ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. துப்பாக்கி என்றால் அதிகாரிகளுக்கு வரும் பயம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அவரைக் கொன்றவர்கள் போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருந்து துப்பாக்கி வாங்கியவர்களா? உங்கள் கட்டுப்பாடு முழுக்க மனுப் போடுகிறவன் மேல்தான் விழுகிறது. மனுப் போடாமல் அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கிற நாட்டு வெடி) வைக்கிறவனும் கம்பி கட்டுகிறவனும் உங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

பன்றி விஷயத்தில் வனத்துறையின் 2025 ஆணை ஒன்று இருக்கிறது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பத்துகாணியில் 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளை வைத்திருப்பவரை நீங்கள்தான் தேடித்தர வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் அம்பூரியில் நிலைமை வேறு. 2022 முதல் கேரளத்தில் உள்ளாட்சித் தலைவரே, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரை வைத்துப் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கலாம். பனச்சமூடு சந்தையில் அவர்களும் நாங்களும் ஒரே கிழங்கைத்தான் விற்கிறோம். அது வனத்துறை பதில் சொல்ல வேண்டிய கேள்வி, உங்களிடம் கேட்டு என்ன பயன்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் கிடக்கிற பயிர்ப் பாதுகாப்பு உரிம மனு ஒவ்வொன்றுக்கும் விதியில் உள்ள காலத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்று மாவட்ட அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காவல் நிலையங்களில் கிடக்கிற துப்பாக்கிகளைத் துடைத்து வைக்கவும் சொல்லுங்கள், எண்ணெய் செலவு எங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் மனுவுக்குப் பதில் மறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் காரணமும் தேதியும் கையெழுத்தும் இருந்தால் போதும், மேல்முறையீட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையோர விவசாயி ஒருவர்,
விளவங்கோடு பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்