இடது கையைக் காட்டு, மகளே

பாம்பன்,
மே 5

அன்பு மகளுக்கு,

நீ கித்தார் வாசித்து அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அம்மா பாட்டைக் கேட்டாள். நான் உன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எரிகிறது, அப்படியும் சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். நீ தேவைக்கு மேலேயே அமுக்குகிறாய். விரல் நிற்கிற இடம்தான் சரியில்லை.

சி கார்டு என்கிற விரல் பிடியில், மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் ஐந்தாம் கம்பியில், உன் மோதிர விரல் கட்டத்தின் நடுவில் நிற்கிறது. அதை மூன்றாம் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகப் பட்டையை ஒட்டி, சற்றுப் பின்னால் வை. ஃப்ரெட்டின் மேல் ஏறக்கூடாது. அங்கே லேசாக அமுக்கினாலே கணீரென்று வரும். அப்புறம், நான்காம் கம்பியில் நடுவிரல் படுத்துக்கிடக்கிறது, அதன் சதை மூன்றாம் கம்பியில் உரசுகிறது. விரலை வளைத்து நுனியால் நிற்க வை. இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடு. கட்டைவிரலைக் கித்தார் கழுத்தின் பின்பக்கம், நடுவிரலுக்கு நேராக வைத்தால் உள்ளங்கை விலகிக்கொள்ளும், விரல்கள் தாமாக வளையும்.

கார்டு பிடித்ததும் ஐந்தாம் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேள். கிழிந்த வலையை நான் கண் கண்ணாகத் தடவிப் பார்ப்பேனே, அந்த மாதிரி. ஊமையாக இருக்கும் கம்பியைக் கண்டுபிடித்து, அதைத் தடுக்கும் விரலை மட்டும் நகர்த்து.

சியிலிருந்து ஏ மைனர் கார்டுக்கு மாறும்போது மூன்று விரலையும் தூக்கிவிடுகிறாய். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வந்தால் போதும். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த புதிதில் நானும் மூன்றையும் தூக்கித்தான் வைப்பேன், அதற்குள் பாட்டு முன்னே போய்விடும். சொல்லித்தர ஆளில்லாமல் எனக்கு ஒரு வருஷம் வீணானது. உனக்கு அப்படி ஆக வேண்டாம்.

கடினமான எஃப் கார்டை இப்போது தொடாதே. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் போதும். கயிறு இழுத்துக் காய்த்த என் கைக்கே விரல் நுனி எரிந்தது. சில வாரத்தில் காய்ப்பு விழும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிடு.

என் பழைய கித்தாரைத்தான் கொண்டுபோயிருக்கிறாய். உப்புக்காற்றில் கம்பி துருவேறியிருக்கும். புதுசு மாற்று, பணம் போட்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. படகு கரையில்தான், நானும் வீட்டில்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. போனை இடது கைப்பக்கம் சாய்த்து வை, விரல்களைப் பார்க்க வேண்டும்.

அப்பா