ஒருத்திக்குச் சமைக்கும் கிறிஸ்துமஸ்

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, தனியாகத்தான் இருப்பேன், அதிகம் செலவில்லாமல் என்ன சமைக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு ஆள்தானே என்று அன்றைக்கும் எதையாவது சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடாதே. பத்துப் பேர் விருந்தைச் சுருக்கி ஒரு தட்டில் அடைக்கவும் பார்க்காதே. ஏழெட்டு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் செலவு குறையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட் பிரிக்க வேண்டிவரும், மிச்சம் ஜனவரியில் குப்பைக்குப் போகும். பொன்னிறமாக வறுபட்ட ஒன்று, அதன்மேல் ஊற்ற ஒரு கிரேவி, கடைசியில் சூடாக ஒரு இனிப்பு. இந்த மூன்றும் நன்றாக அமைந்தால் அது விருந்துதான்.

அதனால் இப்படி வைத்துக்கொள்: தோலோடு வறுத்த கோழிக்கால், மொறுமொறு உருளைக்கிழங்கு, கேரட், கொஞ்சம் முட்டைகோஸ், கிரேவி, அவனில் (oven) சுட்ட ஆப்பிள். குடிக்கப் பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிய திராட்சைச் சாறு.

முழுக்கோழி கிலோக் கணக்கில் மலிவாகத் தெரியும். உனக்கு அது வேண்டாம். நெஞ்சுக்கறியும் காலும் வெவ்வேறு நேரத்தில் வேகும். கால் வேகும்வரை வைத்தால் நெஞ்சுக்கறி வறண்டு சக்கையாகிவிடும். கால் பகுதியில் கொழுப்பும் சவ்வும் அதிகம், பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கெடாது. விலையும் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைவிடக் குறைவு. தொடையும் காலும் சேர்ந்த துண்டாக, ஒவ்வொன்றும் 300 முதல் 350 கிராம் வரும்படி, இரண்டு வாங்கு. அவனைச் சூடாக்கும் செலவு ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றேதான். இரண்டாவது மறுநாளுக்கு ஆகும்.

மற்ற சாமான்: உருளைக்கிழங்கு கால் கிலோ, கேரட் மூன்று, பெரிய வெங்காயம் ஒன்று, சின்ன முட்டைகோஸ் ஒன்று, ஆப்பிள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, உலர் திராட்சை 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், திராட்சைச் சாறு கால் லிட்டர், ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு. மைதா, எண்ணெய், மிளகு, சர்க்கரை வீட்டிலேயே இருக்கும். ஒரு பொருள் குறைந்தது இரண்டு இடத்திலாவது பயன்படுகிறதா என்று பார்த்து வாங்கினால் பட்டியல் தானாகச் சுருங்கும். அந்த ஆரஞ்சையே பாரேன், தோல் பானத்துக்குப் போகும், சாற்றில் ஒரு ஸ்பூன் கேரட்டுக்குப் போகும், மீதியை அப்படியே சாப்பிடலாம். முட்டைகோஸ் முழுதாக வாங்கினாலும் வெட்டாத பகுதி ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கெடாத பொருள்களை மாதத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடு. கடைசி இரண்டு நாள் கூட்டத்தில் நின்றால் தேவையில்லாததும் கூடையில் ஏறும்.

உறைந்த கோழியாக இருந்தால் 23-ஆம் தேதி மாலையே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்று. ஒரு நாள் முழுக்க ஆகும். அவசரப்பட்டு மேடைமேல் வைத்து உருக்காதே. உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். பச்சைக்கோழியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம், தெறிக்கும் தண்ணீர் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும். நன்றாக வெந்தாலே கிருமி செத்துவிடும்.

24-ஆம் தேதி ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், ஆனால் மறுநாள் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. கோழியைக் காகிதத் துண்டால் ஈரமில்லாமல் ஒற்றி எடு. ஒவ்வொரு காலுக்கும் அரை டீஸ்பூன் தூள் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் எல்லாப் பக்கமும் தடவி, ஒரு தட்டில் தோல் மேலே இருக்கும்படி வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். ராத்திரிக்குள் அந்த நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு கறிக்குள்ளேயே திரும்பப் போகும். குளிர்காற்றில் தோல் உலரும். தோலில் ஈரம் இருந்தால் அவனின் சூடு முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும், நிறம் பிடிக்காது. பலருக்குத் தோல் ரப்பர் மாதிரி வருவது இதனால்தான்.

சாப்பாட்டு நேரத்தை முதலிலேயே முடிவுசெய்துகொள். தனியாக இருக்கும்போது ஒரு மணி என்பது மூன்று மணியாக நழுவும், பசியில் கையில் கிடைத்ததைக் கொறித்துவிடுவோம், விருந்துக்கு வயிறு இருக்காது. ஒரு மணிக்கு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

11:20-க்குக் கோழியை வெளியே எடு. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஒரு எலுமிச்சை அளவுத் துண்டுகளாக வெட்டு. 11:30-க்கு அவனை 200 டிகிரி செல்சியஸில் போட்டுவிட்டு, கிழங்கை உப்புப் போட்ட தண்ணீரில் வேகவை. கொதி வந்தபின் எட்டு நிமிடம். ஓரம் குழைந்து நடு கெட்டியாக இருக்கும் பதம். தண்ணீரை வடித்துவிட்டு அந்தச் சூட்டுப் பாத்திரத்திலேயே இரண்டு நிமிடம் விடு, ஈரம் ஆவியாகிப் போகட்டும். பிறகு மூடியைப் போட்டு நாலு தடவை குலுக்கு. ஓரமெல்லாம் சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்புதான் அவனில் மொறுமொறுப்பாக மாறும். இதற்கிடையில் ஒரு பேக்கிங் தட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி அவனுக்குள் ஐந்து நிமிடம் சூடாக்கி வைத்திரு. குளிர்ந்த எண்ணெயில் போட்டால் கிழங்கு தட்டோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது மேல்தோல் அங்கேயே நின்றுவிடும். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பு. நெருக்கமாக இருந்தால் வறுபடாது, ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகும்.

கோழிக்குத் தனியாக ஒரு சின்னப் பாத்திரம். ஒரு ஆளுக்குச் சமைக்கும்போது பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாலு பேருக்கான செய்முறையில் உள்ள அளவை நான்கால் வகுக்கலாம், நேரத்தை வகுக்க முடியாது. ஒரு கோழிக்கால் வேக ஆகும் நேரம் அதன் கனத்தைப் பொறுத்தது. தட்டில் நாலு இருந்தாலும் ஒன்று இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நாற்பது நிமிடம்தான். மாறுவது பாத்திரத்தின் அடி. பெரிய தட்டில் இரண்டு துண்டு மட்டும் இருந்தால் வடியும் சாறு மெல்லிசாகப் பரவி, கால் மணி நேரத்தில் கருகிவிடும். கிரேவிக்கு மிஞ்சுவது கசப்புதான். அதனால் துண்டுகள் ஏறக்குறைய நிறையும் அளவுப் பாத்திரமாக எடு. பாதி வெங்காயத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி அடியில் பரப்பி, அதன்மேல் கோழியை வை. வெங்காயம் சாற்றைப் பிடித்துவைக்கும், தானும் சிவந்து கிரேவிக்கு இனிப்பும் நிறமும் தரும். பாதி நேரத்தில் எட்டிப்பார். அடி உலர்ந்திருந்தால் மூன்று டேபிள்ஸ்பூன் வெந்நீர் ஓரமாக ஊற்று, தோல்மேல் படக்கூடாது. கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைத்தண்ணீர் ஊற்றிவிடாதே, விரிசல் விட்டு உடையும்.

11:55-க்குக் கோழியும் கிழங்கும் சேர்ந்து உள்ளே போகட்டும். 12:10-க்கு, விரல் நீளத்துக்கு வெட்டிய இரண்டு கேரட்டை ஒரு ஸ்பூன் எண்ணெயில் புரட்டிக் கிழங்குத் தட்டின் ஓரத்தில் சேர். 12:20-க்குக் கிழங்கைத் திருப்பிவிடு. 12:40-க்குக் கோழியைச் சோதி. தொடையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரிக்குக் குறையக்கூடாது. காலுக்கு 80-ஐத் தாண்டினால் இன்னும் மெத்தென்று இருக்கும். வெப்பமானி இல்லையென்றால் கத்தியால் குத்திப்பார், வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வை. எடுத்த கோழியை ஒரு தட்டில் பத்து நிமிடம் மூடாமல் வை. மூடினால் அதன் ஆவியிலேயே தோல் நமத்துப்போகும். கேரட்மேல் ஒரு ஸ்பூன் ஆரஞ்சுச் சாறு தெளித்து, கிழங்கோடு இன்னும் பத்து நிமிடம் விடு.

அந்தப் பத்து நிமிடம் கிரேவிக்கு. கோழிப் பாத்திரத்தில் அரைக் கோப்பை வெந்நீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டி, வெங்காயத்தோடு ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொள். ஒரு சின்னச் சட்டியில் இரண்டு டீஸ்பூன் வெண்ணெய் உருக்கி, இரண்டு டீஸ்பூன் மைதா போட்டு, மிதமான தீயில் பச்சை வாசனை போகும்வரை ஒரு நிமிடம் கிளறு. கிண்ணத்துச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இரு. மொத்தமாகக் கொட்டினால் மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து கட்டி தட்டும். தேவைக்குத் தண்ணீர் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்கவை. உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கோழியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, வற்ற வற்ற அது கூடும். சின்னச் சட்டியில் வேகமாக வற்றும் என்பதால் பக்கத்திலேயே நில். கட்டி தட்டிவிட்டால் வடிகட்டிவிடு, வேறொன்றும் வேண்டாம்.

12:50-க்குக் காய்த்தட்டை வெளியே எடுத்து, அவனை 180-க்குக் குறைத்து ஆப்பிளை உள்ளே வை. நீ சாப்பிட்டு முடிக்கும்போது அது தயாராக இருக்கும். ஆப்பிளின் நடுத்தண்டை மேலிருந்து தோண்டி எடு. அடிவரை துளைத்துவிட்டால் வெண்ணெயும் சர்க்கரையும் ஒழுகிவிடும். நடுவில் சுற்றிலும் தோலை மட்டும் லேசாகக் கீறிவிடு, இல்லாவிட்டால் உள்ளே சேரும் ஆவியில் வெடிக்கும். குழிக்குள் ஒரு டேபிள்ஸ்பூன் உலர் திராட்சை, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வெண்ணெய், ஒரு சிட்டிகை பட்டைத்தூள். பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர். முப்பத்தைந்து நிமிடம் ஆகும். வெளியே தெரியும் திராட்சை கருகிக் கசக்கும், அதை உள்ளே அழுத்திவிடு.

முட்டைகோஸ் கடைசி ஐந்து நிமிட வேலை. பொடியாக நறுக்கியது ஒரு கைப்பிடி, ஒரு ஸ்பூன் வெண்ணெய், பெரிய தீ, உப்பு, மிளகு. நிறம் மாறுவதற்குள் இறக்கிவிடு.

பானத்தைக் காலையிலேயே செய்துவைக்கலாம். திராட்சைச் சாற்றில் பட்டை, கிராம்பு, இரண்டு கீற்று ஆரஞ்சுத் தோல் போட்டுச் சின்னத் தீயில் பத்து நிமிடம். கொதிக்க விடாதே. தோலின் உட்பக்க வெள்ளை கசக்கும் என்பதால் மேல்தோலை மட்டும் சீவு. அந்த வாசனை வீடு முழுக்க நிற்கும். என்னைக் கேட்டால் அலங்காரச் சாமானுக்குச் செலவழிப்பதைவிட இது மேல்.

அவன் ரிப்பேர் ஆகிவிட்டால் பதறாதே. அடி கனமான வாணலியில், தீ மூட்டும் முன்பே கோழியைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, மிதமான தீயில் பதினைந்து நிமிடம் அசைக்காமல் விடு. திருப்பி, மூடிபோட்டு, இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடம். வேகவைத்த கிழங்கை அதே கொழுப்பில் வறுக்கலாம். ஆப்பிளைத் துண்டுபோட்டு வெண்ணெய், சர்க்கரையில் வதக்கினால் போதும். கறி வேண்டாம் என்று தோன்றினால் காலிஃபிளவரை மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தண்டோடு வெட்டி, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் அரை மணி நேரம் வறு. அதற்கு 100 கிராம் காளானை நன்றாகச் சிவக்க வறுத்துக் கிரேவி வை. காளானுக்கு உப்பைப் பிறகு போடு, முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு சிவக்காது.

மிச்சக் கோழியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. மூன்று நாளுக்குள் சாப்பிடு, ஒரே ஒரு தடவைதான் சூடுபண்ண வேண்டும், ஆவி பறக்கச் சூடாக்கு. எலும்பையும், மீதி வெங்காயத்தையும், மூன்றாவது கேரட்டையும் முக்கால் லிட்டர் தண்ணீரில் சின்னத் தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் இரண்டு கிண்ணம் சூப். அதில் பிய்த்த கறியும் மிஞ்சிய முட்டைகோஸும் போட்டால் 26-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று.

அன்றைக்கு உன்னைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் இருக்கும். 12:40-லிருந்து ஒரு மணிவரை யார் கூப்பிட்டாலும் எடுக்காதேம்மா, கிரேவி கட்டி தட்டிவிடும். நீ தட்டில் எல்லாம் போட்டு உட்கார்ந்ததும் ஒரு மெசேஜ் போடு, நான் உடனே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா