டேனிஷ் பாடத்தில் வினை அட்டவணை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைக்காக டென்மார்க் போகும் பிள்ளைகளுக்கென்று போன வாரம் நீங்கள் போட்டிருந்த டேனிஷ் பாடத்தைப் படித்தேன். இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதியதை அப்படியே எடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. அரைப் பக்கத்துக்கு வினைச்சொல் அட்டவணை எதற்கு? நான், நீ, அவள், அவர்கள், யார் சாப்பிட்டாலும் டேனிஷில் 'ஸ்பீஸர்'தான். ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம்.

பிள்ளைகள் தடுமாறுவது சொல் வரிசையில். வாக்கியம் எதில் தொடங்கினாலும் இரண்டாம் இடம் வினைக்குத்தான். "ஈ டே ஸ்பீஸர் யாய் ரீஸ்" என்றால் இன்று, சாப்பிடுகிறேன், நான், சோறு என்ற வரிசை. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்கு இது தலைகீழ். ஆனால் நம் டர்பன் பள்ளிக்கூடத்தில், டச்சிலிருந்து வந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆப்பிரிக்கான்ஸ் படித்த பிள்ளை "ஃபன்டாக் இயட் எக் ரெய்ஸ்" என்று எழுதித்தானே மார்க் வாங்கியது? அதே வரிசைதான், சோறு உட்பட.

அதற்காக ஆப்பிரிக்கான்ஸை முழுக்க நம்பிவிடவும் கூடாது. அதில் 'டட்' (இங்கிலீஷ் 'தட்' மாதிரி) போட்டுத் துணை வாக்கியம் ஆரம்பித்தால் வினை கடைசிக்கு ஓடிவிடும், மறுப்புக்கு 'நி' இரண்டு தடவை வரும். டேனிஷில் ஒரே ஒரு 'இக்க' போதும், ஆனால் அது இடம் மாறும்: தனி வாக்கியத்தில் வினைக்குப் பின்னால், "யாய் ஸ்பீஸர் இக்க ரீஸ்", அதே 'தட்' பொருளில் 'அட்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைக்கு முன்னால், "அட் யாய் இக்க ஸ்பீஸர் ரீஸ்". பாடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகளைக் கேட்டால், "பெரியம்மா, அதெல்லாம் பழகிடும், இந்த 'என்', 'எட்' தொல்லைதான் தீரவே மாட்டேங்குது" என்பாள். பெயர்ச்சொற்கள் இரண்டு வகை. முக்கால்வாசி 'என்', மிச்சம் 'எட்'. எது எந்த வகை என்பதற்கு நம்பகமான விதி கிடையாது, மனப்பாடம்தான். இதை விட்டுவிட்டுப் படித்தால் அடுத்த படிக்கே போக முடியாது, ஏனென்றால் இங்கிலீஷில் முன்னால் வரும் 'தி' இங்கே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: 'என் பீல்' ஒரு கார், 'பீலென்' குறிப்பிட்ட அந்தக் கார், 'எட் ஹூஸ்' ஒரு வீடு, 'ஹூசெட்' அந்த வீடு. உருபை வாலில் ஒட்டுவது நமக்குப் புதிதில்லை, சரி. ஆனால் 'பெரிய' என்று ஒரு அடைமொழி சேர்ந்ததும் வால் கழன்றுவிடும், முன்னால் தனிச்சொல் வந்துவிடும்: 'டெ ஸ்டோர ஹூஸ்'. அப்படியிருக்க, உங்கள் பெயர்ச்சொல் பட்டியலில் ஒன்றுக்குக்கூட 'என்', 'எட்' போடவில்லையே!

இன்னொன்று. இங்கிலீஷில் 'ஹிஸ்' ஒன்றுதான். டேனிஷில் "ஹன் எல்ஸ்கர் சீன் கோன" என்றால் அவன் தன் மனைவியை நேசிக்கிறான். 'சீன்' இருக்கும் இடத்தில் 'ஹன்ஸ்' போட்டால் வேறு எவனோ ஒருவனுடைய மனைவி, வீண் வம்பு. இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர் இதைப் புரிந்துகொள்ளப் படாத பாடு படுகிறார். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு (நம் சாட்ஸ்வர்த்தில் அப்படி எத்தனை வீடு என்று கேட்காதீர்கள்) 'தன்', 'அவன்' என்று காட்டினால் முடிந்தது. எழுவாய் பன்மையானால் மட்டும் இந்த வித்தியாசம் கிடையாது, இரண்டுக்கும் 'டேரெஸ்'.

எண்களில் 50 முதல் 90 வரை பத்துகளின் பெயர்கள் இருபதுக் கணக்கில் வந்தவை. 60 மூன்று இருபது, 50 இரண்டரை இருபது. காரணம் தேடாமல் பாடம் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். 55 என்பதை ஐந்தும் ஐம்பதும் என்று சொல்வது ஆப்பிரிக்கான்ஸிலேயே பழகியதுதான்.

நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பவர்களிடம் அங்கே டேனிஷ் தேர்வுச் சான்று கேட்கிறார்கள், அதனால் இது பொழுதுபோக்குப் பாடம் இல்லை. அடுத்த பாடத்தில் அந்த வினை அட்டவணையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெயர்ச்சொற்களை 'என்', 'எட்' சேர்த்துப் போடுங்கள். பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் இருக்கட்டும், அங்கே எழுதுவது ஒன்று, வாயில் வருவது வேறு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆப்பிரிக்கான்ஸ் ஆசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்