தாய்ச்சி: எடையை எடுத்த பிறகே பாதத்தைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி பூங்காக்களில் காலை நடை முடித்து, கைப்பேசிக் காணொளி பார்த்து, மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சியான தாய்ச்சி பழகுவோர் உண்டு. அவர்களில் சிலர் இரண்டே மாதத்தில் முட்டி வலிக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடக் கூடாத பயிற்சி இது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 2019 வழிகாட்டு நெறிகளில் தாய்ச்சியை அழுத்தமாகவே பரிந்துரைத்திருக்கிறது. வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பழக்கம்தான்: எடை தாங்கி நிற்கும் பாதத்தை அப்படியே திருப்புவது.

முழங்கால் கதவுக் கீல் போன்றது. மடங்கும், நீளும், திரும்ப அதற்கு இடம் மிகக் குறைவு. இடுப்பு மூட்டோ ஆட்டுக்கல்லில் குழவி போல எல்லாப் பக்கமும் சுழலும். தாய்ச்சியில் திருப்பம் முழுவதும் இடுப்பில் நடக்க வேண்டும். பாதம் தரையைப் பிடித்திருக்கும்போது உடல் திரும்பினால், இடுப்பு கொடுக்காத திருப்பத்தை முட்டி கொடுக்க நேரும். ஜவ்வு நசுங்குவது அங்கேதான். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு இடுப்பு இறுகியிருக்கும். கூடுதல் கவனம் அவர்களுக்குத்தான் வேண்டும்.

முன்முட்டியை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பது வில் நிலை. அதிலிருந்து அடுத்த அடி வைக்கும் முறை இது. முதலில் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். முன்பாதத்தின் விரல்கள் தாமாக எழும். இப்போது இடுப்பைத் திருப்ப, குதிகால் மேல் பாதமும் கூடவே சுமார் 45 பாகை வெளிப்பக்கம் திரும்பும். பாதம் முழுதாகப் பதிந்த பிறகு எடையை முன்னே கொண்டுவந்து, கடைசியில் பின்காலை எடுக்கலாம். அவசரத்தில் முதல் படியை விட்டுவிடுகிறார்கள்; கெடுதல் அதில்தான். பேவர் பிளாக் தரையில் ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் ஷூ போட்டுப் பழகினால் அடி இம்மியும் நகராது, முறுக்கு மொத்தமும் முட்டிக்கு ஏறும். தட்டையான மெல்லிய அடி கொண்ட கேன்வாஸ் ஷூவும் சமமான மண் தரையும் நல்லது.

முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சரிதான், ஆனால் படி ஏறும்போதுகூட அது சற்றுத் தாண்டவே செய்யும். அதைவிடப் பெரிய தவறு முட்டி உள்பக்கம் சாய்வது. கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நேரில் முட்டி இருக்க வேண்டும். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என மூன்று இடத்திலும் எடை பரவியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கால் வளைவு தரையில் படிந்தால் முட்டியும் உள்ளே விழும்.

முன்காலைக் கவனிப்பவர்களும் பின்காலை மறந்துவிடுகிறார்கள். பின்பாதம் பக்கவாட்டில் 90 பாகை கிடக்க, இடுப்பு மட்டும் முன்னே பார்த்தால் பின்முட்டி முறுகும். முன்காலுக்கு எடை போன பிறகு பின்குதிகாலை வெளியே தள்ளி 45 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இரு பாதங்களும் ஒரே கோட்டில் வந்தால் உடல் தள்ளாடும், அதைச் சமாளிக்க முட்டி வளையும். அடுத்தடுத்த இரண்டு உழவுச் சால்களில் சாலுக்கொரு கால் வைத்தது போல, குறுக்கே ஒரு சாணாவது இடைவெளி இருக்கட்டும்.

தாழ நின்றால்தான் தாய்ச்சி என்பதில்லை. முதல் சில மாதங்கள் முட்டியை லேசாக மடக்கி உயரமாகவே நிற்கலாம். தரையை ஒட்டி ஒரு காலை நீட்டித் தாழும் அசைவை முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடுவதே நல்லது. தொடைச் சதை எரிந்தால் பயமில்லை. மூட்டுக்குள் குத்தினால் அந்த இடத்திலேயே நிமிர்ந்துவிடுங்கள். மறுநாளும் வலி இருந்தால் நேரத்தையும் தாழ்வையும் குறையுங்கள். வீக்கம், மடக்கிய கால் பூட்டிக்கொள்வது, நடக்கையில் முட்டி நழுவுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் மாவட்டங்களில் வகுப்பு எடுப்போர், அசைவுகளைத் தொடங்கும் முன் முதல் இரண்டு வாரம் எடை மாற்றலையும் பாதம் திருப்பலையும் மட்டுமே பழக்க வேண்டுகிறோம். தாய்ச்சி பற்றி எழுதும்போது தாங்களும் தாய்ச்சிப் போட்டிகளில் பங்கேற்போரின் தாழ்ந்த நிலைப் படங்களை விட்டு, உயர்ந்த நிலைப் படங்களை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு தாய்ச்சிப் பயிற்றுநரும்,
கிருஷ்ணகிரி.