விமானப் பயண நேரம்: தூரத்தை வகுத்தால் மட்டும் கிடைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைதூர விமானச் சேவை தொடங்கப்படும்போதெல்லாம் இரு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர், பயண நேரம் இத்தனை மணி என்று ஒற்றை எண்களைத் தருவது நாளிதழ்களின் வழக்கம். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று வாசகர்கள் எண்ணுவதற்கு இது இடமளிக்கிறது.

அச்சிடப்படும் தூரம், பெரும்பாலும் பூமிக் கோளத்தின் மேற்பரப்பில் அவ்விரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமாகும். விமானம் அதை ஒட்டியே பறக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 7,800 கி.மீ. தொலைவில் உள்ளது, முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த இந்தப் பயணம், 2022-இல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிய பின்னர், சுற்றுவழியில் சுமார் 13 மணி நேரமாக நீண்டுவிட்டது. வரைபடத்தில் இரு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

இதைவிடச் சுவையானது காற்றின் கணக்கு. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக் காற்று சில வேளைகளில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தனது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, பறந்த தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் துணையுடன் நியூயார்க்கிலிருந்து ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்தபோது, தரையை வைத்து அளந்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் சென்றது. அது ஒலியின் வேகத்தை மிஞ்சியதாகப் பலர் நினைத்தார்கள். சுற்றியுள்ள காற்றே விமானத்தைச் சுமந்து ஓடியதால், அந்தக் காற்றைப் பொறுத்த அதன் வேகம் வழக்கமான அளவில்தான் இருந்தது. அதே வழியில் எதிர்த்திசையில் செல்பவர்களுக்குச் சாதாரண நாளிலேயே ஏழரை, எட்டு மணி நேரம் ஆகிறது.

மேலும், கால அட்டவணையில் காணப்படும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் சென்றடைந்த நிலையத்தில் மீண்டும் நிறுத்தப்படும் வரை, ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் சேரும். பயணச்சீட்டிலோ புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படியே தரப்படுகின்றன. அதனால்தான் டோக்கியோவில் மாலையில் ஏறியவர் ஹொனலூலுவில் அதே தேதியின் காலையில் இறங்குகிறார்.

எனவே, இத்தகைய செய்திகளில் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும் என்றும், தரப்படும் தூரம் குறுகிய வளைகோட்டின் நீளமா, விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளமா என்பதை ஒரு வரியிலாவது தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்